கரட்டுக்கு அந்தப் பக்கம்

கண்ணு,

போன ஞாயிற்றுக்கு முந்தின ஞாயிறு சாயங்காலம் நீ பேசியது பாதியில் அறுந்துவிட்டது. தான்சானியாவில் உங்கள் போர்வெல் ரிக் வண்டி நிற்கும் காட்டில் சிக்னல் கிடைப்பதே அபூர்வம் என்று எனக்குத் தெரியும். கிடைத்த அந்தக் கொஞ்ச நேரத்தையும் நீ என்னைக் கோபித்துக்கொள்ளவே செலவழித்தாய். "அம்மா, நீ வாராவாரம் கரட்டு மேல ஏறி உக்காந்துட்டுத் தனியாப் பேசறயாமா. செந்தில் சொல்றான். ஊரே சொல்லுதாமா. உனக்கு என்னாச்சு?" என்றாய். அடுத்த மூச்சில், "கோயமுத்தூர்ல வயசானவங்க குடியிருக்கற எடம் ஒண்ணு பாத்திருக்கறேன். பொங்கலுக்கு வாரேன், கூட்டிட்டுப் போயி உட்டுடறேன்" என்றாய். நான் விளக்கமாகப் பதில் சொல்லிக்கொண்டே போனேன். வெகுநேரம் கழித்துத்தான் மறுமுனையில் நீ இல்லை என்பது தெரிந்தது. ஆளில்லாத ஃபோனில் நான் பேசிக்கொண்டிருந்ததை அன்றைக்கு யாரும் பார்க்கவில்லை, அதுவரைக்கும் நல்லது.

அதனால் எழுதுகிறேன். திருச்செங்கோட்டிலிருந்து உங்கள் கம்பெனிக்கு அடுத்த வாரம் ஓர் ஆள் புறப்படுகிறார் என்றார்கள். அவர் கையில் இதைக் கொடுத்தனுப்புவேன். நீ மட்டும் படித்துவிட்டு மடித்து வைத்துவிடாதே. உன்னோடு கூடாரத்தில் இருக்கும் பையன்களுக்கும் படித்துக் காட்டு. அவர்களுக்கும் ஊரில் அம்மாக்கள் இருக்கிறார்கள். அந்த அம்மாக்களில் ஒருத்தி எங்கேயாவது ஏறி உட்கார்ந்திருக்கக்கூடும்.

வீட்டுக்குக் கிழக்கே இருக்கும் அந்தப் பாறைக் குன்றில், கரட்டின் மேல், நான் பேசுவது உண்மை. தனியாகப் பேசவில்லை. கெங்கவல்லியில் இருக்கும் செல்வராணியோடு பேசுகிறேன். அதை உனக்குச் சரியாகச் சொல்ல வேண்டுமானால் சேலத்து வீட்டிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

மலையடிவாரத்தை நோக்கி ஏறிக்கொண்டே போகும் அந்தத் தெருவும், அதில் நாம் குடியிருந்த மாடிப் போர்ஷனும் உனக்கு மறந்திருக்காது. கார்ப்பரேஷன் தண்ணீர் அவ்வளவு மேட்டுக்கு ஏறாது. உன் அப்பா லாரி புக்கிங் ஆபீசுக்குக் கிளம்புமுன் கீழேயிருந்து குடம் குடமாகத் தூக்கி வருவார். "தண்ணி ஏறாத ஊட்டுல குடிவெச்சுட்டாளே" என்று என்னைத்தான் சொல்லுவார், ஏனென்றால் வீட்டைப் பிடித்தது நான். பள்ளியில் அறிவியல் நடத்திக்கொண்டிருந்த காலத்தில் கோடை விடுமுறைப் பயிற்சி ஒன்றில் ஹாம் ரேடியோ, அதாவது வீட்டிலிருந்தே மற்ற ரேடியோக்காரர்களோடு பேசுவது, பழகினேன். பிறகு பரீட்சை எழுதி லைசென்சும் வாங்கினேன். "பேசறதுக்குப் பரீட்சை எழுதறவள இப்பத்தான் பாக்கறேன்" என்று உன் அப்பா சிரித்தார். சிரித்தாரே தவிர, மொட்டை மாடியில் குழாய் நட்டு ஆன்டெனா கட்டிக் கொடுத்தவரும் அவர்தான். நீ எட்டாவது படித்துக்கொண்டிருந்தாய். ரேடியோவின் இரைச்சலைக் கேட்டபடி என் மடியில் தலை வைத்துப் படுத்திருப்பாய். "யாரும்மா பேசறாங்க?" என்பாய். "இப்ப யாரும் இல்ல." "அப்பறம் எதுக்குக் கேட்டுட்டு இருக்கற?" "யாராச்சும் வந்தாங்கன்னா?" அதற்குள் நீ தூங்கியிருப்பாய்.

அந்த வீட்டின் அருமை எனக்குத் தண்ணீரில் இல்லை, பார்வையில் இருந்தது. கையடக்க ரேடியோவில் போகும் அலை ஏறக்குறைய நம் கண் போகிற மாதிரிதான் போகும். நேராகப் போகும். நடுவில் மலை வந்தால் அதன் பின்னால் நிழல் விழுகிற மாதிரி அலைக்கும் நிழல் விழும், அந்த நிழலுக்குள் இருப்பவருக்கு ஒன்றும் கேட்காது. நம் மொட்டை மாடியிலிருந்து பார்த்தால் மலைமேல் இருந்த ரிப்பீட்டர் நிலையம் தெரியும். நாம் மெல்லச் சொன்னதை அது வாங்கி ஜில்லா முழுவதற்கும் வீசும். காலையில் பள்ளிக்குக் கிளம்புமுன் ஒரு கூட்டம் கூடுவோம். ஓமலூரிலிருந்து ஒருவர், ஆத்தூரிலிருந்து இரண்டு பேர், கெங்கவல்லியிலிருந்து செல்வராணி. என்னைவிடச் சில வயது இளையவள். தன் தம்பி வீட்டுக்குப் பின்னால் ஓர் அறையில் தையல் கடை வைத்திருந்தாள். காலேஜில் படிக்கும்போதே லைசென்ஸ் வாங்கியவள். "கல்யாணம் தட்டிப் போச்சுக்கா, லைசென்சுதான் தங்குச்சு" என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். எத்தனையோ வருஷம் பேசினோம். ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்ததில்லை. பார்க்க வேண்டும் என்று தோன்றியதும் இல்லை.

அப்புறம் நீ வேலைக்குப் போனாய், ஆப்பிரிக்கா போனாய், எங்களுக்கு வீடு கட்டினாய். நாமகிரிப்பேட்டை தாண்டி, கரட்டடியில், நம் பங்குக்கு வந்த நிலத்தில். நல்ல கிணறு, நல்ல காற்று, வாசல் வரைக்கும் தார் ரோடு. தண்ணீர் தூக்கியே தோள் இறங்கிப்போன உன் அப்பா, குளியலறையில் குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு சும்மா பார்த்துக்கொண்டு நின்றார். குடிவந்த அன்றைக்கே நான் கை ரேடியோவோடு மாடிக்குப் போனேன். கிழக்கே கரடு சுவர் மாதிரி எழுந்து நிற்கிறது. சேலத்துப் பக்கம் போதமலை மறைக்கிறது. கூப்பிட்டேன். ஒருவரும் வரவில்லை. அடுத்த நாளும் கூப்பிட்டேன். நாம் ஒரு பள்ளத்துக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறோம் என்று புரிந்தது. உன்னிடம் சொல்லவில்லை. உன் அப்பாவிடமும் சொல்லவில்லை. நீ ஆசை ஆசையாகக் கட்டிய வீடு, அவர் அவ்வளவு சந்தோஷமாக இருந்த வீடு. இப்போது யோசித்தாலும் அப்போது சொல்லாதது சரி என்றே படுகிறது. அவருக்கு அந்த வீட்டில் கிடைத்தது ஒரு வருஷம்கூட இல்லை. அந்த வருஷத்தில் ஒரு குறையும் இல்லாமல் இருந்துவிட்டுப் போனார்.

காரியம் முடிந்து நீ திரும்பிப் போன பிறகு எப்படி இருந்தது என்று நீ கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் "நல்லா இருக்கறேன் சாமி" என்றுதான் சொல்லியிருப்பேன். ஒரு நாள் காலையில் பால்காரர் வந்தார். "நாளைக்குச் சேத்தி ஊத்துங்க" என்று சொல்ல வாயைத் திறந்தேன். குரல் வரவில்லை. முந்தின நாள் அவர் பால் ஊற்றிவிட்டுப் போனதிலிருந்து நான் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அவர் பயந்துபோய், "ஏனுங் டீச்சர், உடம்புக்கு ஆகலீங்களா?" என்றார். தலையை ஆட்டிவிட்டு உள்ளே வந்து, சமையலறையில் நின்று, வாய்ப்பாடு சொல்லிப் பார்த்தேன். குரல் இருந்தது. சொல்வதற்குத்தான் ஆள் இல்லை.

அன்றைக்குத்தான் பெட்டிக்குள் கிடந்த பெரிய செட்டை வெளியே எடுத்தேன். அது வேறு வகை. அதன் அலை வானத்தில் மோதித் திரும்பி வந்து தூரத்தில் இறங்கும். தேங்காய் பறிக்க வந்தவரைக் கெஞ்சி, தண்ணீர்த் தொட்டிக்கும் தென்னை உச்சிக்கும் நடுவில் ஒயர் கட்டினேன். நம் நிலம் மேற்கே சரிந்துகொண்டே போகிறது, அதற்கப்பால் மலை இல்லாத சமவெளி. அப்படிப்பட்ட சரிவின் தலையில் உயரமாக ஒயர் கட்டினால் அலை தரையை ஒட்டித் தாழ்வாகக் கிளம்பும். தாழ்வாகக் கிளம்பியதுதான் தூரம் போகும். சாயங்காலம் ஆனால் மேற்கிலிருந்து குரல்களாக வந்தன. அரபு நாட்டிலிருந்து வந்தார்கள், கென்யாவிலிருந்து வந்தார்கள். ஒரு நாள் தார் எஸ் சலாமிலிருந்து ஒரு குஜராத்திப் பெரியவர் வந்தார். என் மகன் உங்கள் நாட்டில்தான் கிணறு தோண்டுகிறான் என்றேன். எந்தப் பக்கம் என்று கேட்டார். டொடோமா பக்கம் என்றேன். அது எனக்குத் தூரம் அம்மா, ஆனால் அங்கே இந்த மாதம் குளிராக இருக்கும், பையனைப் போர்த்திக்கொண்டு படுக்கச் சொல்லுங்கள் என்றார். அடுத்த முறை நீ கூப்பிட்டபோது அதைச் சொன்னேன். "உனக்கு எப்படித் தெரியும்?" என்றாய். டி.வி.யில் சொன்னார்கள் என்றேன்.

கடல் தாண்டி இருப்பவர் பக்கத்து வீட்டுக்காரர் மாதிரிக் கேட்டார். பஸ் ஏறினால் போய்விடக்கூடிய கெங்கவல்லி கேட்கவில்லை. கிழக்கே போகும் அலையைக் கரடு வாங்கிக்கொண்டது. கரட்டைத் தாண்டும்படி மேலெழுந்து வானத்தில் பட்டதெல்லாம் கெங்கவல்லியை விட்டு எங்கோ தூரத்தில் போய் இறங்கியது. அப்போது ஒரு நாள் செல்வராணி ஃபோன் செய்தாள். யாரிடமோ நம்பர் வாங்கியிருக்கிறாள். "எங்கக்கா போயிட்டீங்க? ஆளையே காணமே." எல்லாவற்றையும் சொன்னேன், உன் அப்பா போனதையும். பிறகு, "ஒயரு எம்மா ஒசரத்துல கட்டியிருக்கீங்க?" என்றாள். தென்னை உச்சியில் என்றேன். "அதான். கீழ எறக்கிக் கட்டுங்கக்கா. நல்ல நீள ஒயரா, கையெட்டற ஒசரத்துல. எல்லாரும் ஒசத்திக் கட்டு, ஒசத்திக் கட்டும்பாங்க. தூரத்துல இருக்கறவங்களுக்குத்தான் அது."

தாழக் கட்டிய ஒயரின் அலை நேர் மேலே எழும்பும். வானத்தில் பட்டுச் சுற்றுவட்டாரம் முழுக்கத் திரும்ப இறங்கும், மழை மாதிரி. கரடாவது மலையாவது, அதற்கு ஒன்றும் தடை இல்லை. தாழக் கட்டுவதற்கு யாரையும் கெஞ்ச வேண்டியதில்லை என்பது எனக்கு இன்னொரு நிம்மதி. வேப்பமரத்துக்கும் மோட்டார் ரூமுக்கும் நடுவில் நானே கட்டினேன், துணி காயப்போடும் கொடி மாதிரி. மறுநாள் காலை வெயில் ஏறிய பிறகு செட்டைப் போட்டேன். "அக்கா, கேக்குதா?" என்றாள். சேலத்தில் கேட்டதைவிடத் தெளிவாக இருந்தது. கொஞ்ச நேரம் பொத்தானை வெறுமனே அழுத்திக்கொண்டிருந்தேன். "அழுவாதீங்க. லைசென்சுல அதுக்கு அனுமதி இல்ல" என்றாள்.

அதற்கப்புறம் தினமும் காலையில் பேசினோம். ஃபோன் இருக்கிறதே என்று நீ கேட்பாய். ஃபோனில் ஒருவரைக் கூப்பிட ஒரு காரணம் வேண்டும், கண்ணு. நீ என்னைக் கூப்பிட்டால் முதலில் நான் கேட்பது "என்னாச்சு?" என்பதுதான். ரேடியோவில் அப்படி இல்லை. அவள் பிளவுசுக்குக் கொக்கி வைத்துக்கொண்டிருப்பாள், நான் கீரை ஆய்ந்துகொண்டிருப்பேன். மழை வருகிற மாதிரி இருக்கிறது என்பாள். இங்கே இல்லை என்பேன். இரண்டு பேரும் ஒன்றும் சொல்லாமல் இருப்பதும் உண்டு. அவள் அங்கே இருக்கிறாள் என்பது மட்டும் தெரியும்.

போன வருஷம் ஐப்பசி மழை பிடித்த சமயத்தில் ஒரு நாள் அவள் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. ஃபோன் அடித்தது, எடுக்கவில்லை. அப்புறம் அடிக்கவும் இல்லை. மூன்றாம் நாள் நான் பொறுக்கவில்லை. மெட்டாலா வழியாக, தம்மம்பட்டியில் பஸ் மாறி, கெங்கவல்லியில் இறங்கி, லேடீஸ் டெய்லர் செல்வராணி வீடு எது என்று கேட்டுக் கேட்டுப் போனேன். தையல் கடை பூட்டியிருந்தது. முன்வீட்டிலிருந்து அவள் தம்பி வந்தார்.

"யாரும்மா நீங்க?"

"நாமகிரிப்பேட்டைங்க. ரேடியோவுல பேசறவ."

அவர் முகம் மாறியது. "நீங்கதானா அது? வாங்கம்மா. அக்காவுக்கு வாதம் வந்துருச்சு. வலது பக்கம் இழுத்துக்கிச்சு. பேச்சு வரல. நாம சொல்றது எல்லாம் புரியுது."

கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். ஒல்லியாக இருப்பாள் என்று நான் நினைத்திருந்தேன். அகலமான முகம், நரைத்த முடி, கழுத்தில் தையல்காரர்கள் போடும் டேப் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. அதை எடுக்க அவள் விடவில்லையாம். இத்தனை வருஷமாக எனக்கு அவளிடம் தெரிந்தது குரல் ஒன்றுதான். அது இப்போது அவளிடம் இல்லை. குரலைத் தவிர மற்றதெல்லாம் எதிரே உட்கார்ந்திருந்தது. அது யாரோ ஒரு பெண்ணாக இருந்தது. அவளுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும், நான் வாயைத் திறக்கும் வரை. "செல்வராணி" என்றேன். உடனே அவள் கண்ணை மூடிக்கொண்டாள். கண்ணை மூடினால்தானே என்னை அவளுக்குத் தெரியும். இடது கையை நீட்டி என் மணிக்கட்டைப் பிடித்தாள். விரலால் தட்டினாள். ஒரு குட்டைத் தட்டு, ஒரு நீள அழுத்தம். பிறகு நீளம், குட்டை, நீளம். மறுபடியும் அதேபோல் நீளம், குட்டை, நீளம். கடைசியில் முதலில் தட்டியது. மோர்ஸ் என்னும் தந்தி முறையில் ஆங்கில எழுத்து நான்கு. அக்கா.

அவள் தம்பி நல்ல மனிதர். ஆனால் பின்னால் கட்டியிருந்த ஒயரைக் கழற்றிச் சுருட்டிவிட்டார், பெரிய செட்டைப் பரணில் ஏற்றிவிட்டார். "இடி மழைக் காலம்மா. புள்ளைங்க இருக்கற வூடு. இனி அத வச்சு என்ன பண்ணப் போறா?" அது அவர் வீடு, நான் வாதாடவில்லை. அவளுடைய கை ரேடியோ அலமாரியில் இருந்தது. இதை மட்டும் கொடுக்கலாமா என்றேன். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது செல்ஃபோன் மாதிரிதான இருக்குது, இருக்கட்டும்" என்றார். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவரும் அவர் மகளும் அவளைக் கைத்தாங்கலாக மொட்டை மாடிக்குக் கொண்டுபோய் உட்கார வைப்பதாக ஏற்பாடு. அவளால் பேச முடியாது. ஆனால் பொத்தானை அழுத்த முடியும். அவள் பொத்தானை அழுத்தினால் என் பெட்டியில் இரைச்சல் நின்று அமைதியாகும், விட்டால் மறுபடி இரைச்சல் வரும். குட்டை அமைதி, நீள அமைதி. அதில் எழுத்து எழுத்தாகப் பேசலாம். குரல் தெளிவாக வந்து சேராத தூரத்துக்குக்கூட அந்த அமைதி வந்து சேரும்.

ஆனால் கை ரேடியோவின் அலை நேராகத்தான் போகும், கரடு வழிவிடாது. முதல் ஞாயிறு நம் வீட்டு மாடியிலிருந்து கூப்பிட்டேன், ஒன்றும் இல்லை. அடுத்த வாரம் கரட்டில் முருகன் கோயில் வரை ஏறினேன். அங்கேயும் இரைச்சல்தான். பிளாஸ்டிக் குழாயில் அலுமினியக் கம்பிகளைக் குறுக்கே கட்டி ஒரு திசை ஆன்டெனா செய்தேன், பார்க்க மீன்முள் மாதிரி இருக்கும். அதைத் தூக்கிக்கொண்டு உச்சிக்கே போனேன். உச்சியில் கேட்கும் என்று நினைத்தேன். அங்கே செல்ஃபோன் டவர் நிற்கிறது, அது போடும் சத்தத்தில் என் பெட்டி செவிடாகிப் போனது. உயரம் மட்டும் இருந்தால் போதாது என்று அன்றைக்குத் தெரிந்தது. முட்டி வலியோடு கிழக்குப் பக்கமாகக் கொஞ்சம் இறங்கி, ஒரு பெரிய பாறைக்கு முன்னால் உட்கார்ந்தேன். பாறை டவரை மறைத்தது. எதிரே கொல்லிமலையின் வடகோடிக்கு இந்தப் புறமாக ஓர் இடைவெளி தெரியும், அதைப் பார்த்து ஆன்டெனாவைத் திருப்பினேன். "செல்வராணி, நான் உக்காந்திருக்கறேன், கேக்குதா?" என்றேன். இரைச்சல். இன்னொரு தடவை சொன்னேன். இரைச்சல் நின்றது. திரும்ப வந்தது. திரும்ப நின்றது. கேட்கிறது என்று எழுதிக்கொண்டிருந்தாள்.

உன் பெரியப்பா மகன் செந்தில் ஒரு நாள் ஆட்டைத் தேடிக்கொண்டு அந்தப் பக்கம் வந்தான். நான் பேசிக்கொண்டிருந்ததைப் பாறைக்கு மேலிருந்து வெகுநேரம் பார்த்திருக்கிறான்.

"ஏனுங் சின்னம்மா, யாருகூடப் பேசிட்டு இருக்கறீங்க?"

"கெங்கவல்லியில என்ற தோழிகூட. இந்தா, கேளு."

பெட்டியைக் காதில் வைத்துக் கேட்டான். "வெறும் எரைச்சல்தானுங் வருது."

"அது நின்னு நின்னு வருதல்ல? அந்த நிக்கறதுதான் பேச்சு."

பெட்டியை மெதுவாக என்னிடம் கொடுத்தான். என்னைப் பார்த்த பார்வையில் பரிதாபம் இருந்தது. "வெயில் ஏறுது, எறங்கிப் போலாமுங் சின்னம்மா" என்று கையைப் பிடித்துக் கூட்டிவந்தான். பாவம், அவனைக் கோபித்துக்கொள்ளாதே. அவன் கேட்டதைத்தான் உன்னிடம் சொன்னான்.

இனி நான் சொல்ல வேண்டியதற்கு வருகிறேன். நீ கோயமுத்தூர் என்று சொன்ன மறுவாரம், கரட்டில் ஏறி அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நான் அங்கே போய்விட்டால் நடுவில் எத்தனை மலை, எந்தக் கரட்டில் ஏறினாலும் கேட்காது என்றேன். பிறகு, வெகுநாளாக மனதில் வைத்திருந்ததைச் சொன்னேன். "நீ இங்க வந்துரு. மகன் கட்டுன ஊடு, கீழேயே ரூம் இருக்குது, நான் பாத்துக்கறேன்." நீண்ட இரைச்சல். அவள் போய்விட்டாள் என்றே நினைத்தேன். அப்புறம் எழுத்துகள் வந்தன. வேண்டாம் என்றாள். பள்ளம் என்றாள். அந்த வீட்டில் கை ரேடியோவுக்கு ஒருவரும் எட்டமாட்டார்கள் என்று அவளுக்குத் தெரியும். மறுபடி இரைச்சல். வெயிலில் கம்பியைப் பிடித்திருந்த கை மரத்துப்போனது. அப்புறம் இன்னும் இரண்டு சொல்.

நீ வா.

அத்தனை வருஷமும் என்னை நீங்க, வாங்க என்றே பேசியவள். ஒவ்வோர் எழுத்துக்கும் அவள் விரல் படும் பாட்டுக்கு மரியாதை கட்டுப்படியாகாமல் விட்டிருப்பாள். ஆனால் உன் அப்பா போன பிறகு என்னை நீ என்று சொல்லி வா என்று கூப்பிட்ட குரல் வேறு இல்லை. உன்னைக் குறை சொல்லவில்லை. நீ கூப்பிட்டாய், உனக்கு நிம்மதியான இடத்துக்கு. அவள் தான் இருக்கிற இடத்துக்குக் கூப்பிட்டாள்.

நான் போகிறேன், கண்ணு. அவள் தம்பி வீட்டுக்கு எதிர் வீட்டு மாடியை அவரே பேசி முடித்துக் கொடுத்துவிட்டார். நிலத்தையும் தென்னையையும் செந்தில் பார்த்துக்கொள்வான். உன் அப்பா படத்தை மட்டும் எடுத்துப் போகிறேன். தெரியாத ஊர், அங்கே எனக்கு அவளைத் தவிர ஒருவரும் இல்லை. அவளுக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வாய் என்று நீ கேட்பாய். அப்போது கெங்கவல்லியில் தனியாக இருப்பேன். இப்போது இங்கே தனியாக இருக்கிறேன். அவ்வளவுதான் வித்தியாசம், அதற்கு நான் பயப்படவில்லை. நடுவில் கொஞ்ச காலம் கிடைக்குமே, அது போதும்.

நீ கட்டிய வீட்டை நான் வேண்டாம் என்று சொன்னதாக எடுத்துக்கொள்ளாதே. அது நல்ல வீடு. ஒரு நாள் உனக்குக் கல்யாணம் ஆகும், நீ உன் பெண்டாட்டிக்கு ஒரு வீடு பார்ப்பாய். காற்றையும் தண்ணீரையும் ரோட்டையும் பார்ப்பது போலவே இன்னொன்றையும் பார். இங்கே குடிவந்தால் உனக்கு யார் யார் எட்டாமல் போவார்கள் என்று அவளிடம் கேள். அவளாகச் சொல்லமாட்டாள். நீதான் கேட்க வேண்டும். அம்மாவுக்கும் சொல்லத் தெரியவில்லை என்று சொல்லு.

பொங்கலுக்கு வருவதாகச் சொன்னாயே, வா. நாமகிரிப்பேட்டையில் இறங்காதே, வீடு பூட்டியிருக்கும். நேராக ஆத்தூருக்குப் போய், அங்கிருந்து டவுன் பஸ் பிடித்துக் கெங்கவல்லியில் இறங்கு. பஸ் ஸ்டாண்டில் யாரைக் கேட்டாலும் டெய்லர் வீட்டைக் காட்டுவார்கள், அதற்கு எதிர் வீடு. படி வெளிப்பக்கமாக இருக்கிறது, கொஞ்சம் செங்குத்து, பையை இடது கையில் பிடித்துக்கொண்டு ஏறு. கதவு சாத்தியிருந்தாலும் தாழ் போட்டிருக்க மாட்டேன். வந்து உட்கார். வந்ததுமே எப்போது கிளம்புகிறாய் என்று கேட்பேனே, இந்தத் தடவை நான் கேட்கமாட்டேன்.

அம்மா